பாண்டீஸ்வரியின் ஒற்றை அரியர்

அனுமந்தன்பட்டியில் சுருளியாண்டி மகள் பாண்டீஸ்வரிக்குக் கணக்கு வராது என்று இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பன்னிரண்டாம் வகுப்பில் உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் முதலாவதாக வந்தவள் அவள். அந்தக் கைதட்டலை மறந்துவிட்டு, கடைசியில் நடந்ததை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஊர் இது. ஊரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவளுக்குக் கணக்கு வராது என்று ஊரை நம்பவைத்ததே அவள்தான்.

2002ஆம் வருஷம் அது. பள்ளத்தாக்கு முழுக்கக் கம்ப்யூட்டர் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. தேனிக்குப் பக்கத்தில் பொட்டல் காட்டில் புதிதாக எழும்பியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் அவளுக்கு இடம் கிடைத்தது. திராட்சைப் பந்தலைத் தவிர வேறெதையும் நம்பாத சுருளியாண்டி, மகளின் மதிப்பெண்ணை நம்பினார். சேர்க்கையன்று முதல்வர் பெற்றோர்களை வரிசையாக உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். வகுப்புக்கு முக்கால்வாசி நாளாவது வந்திருக்க வேண்டும். உள் மதிப்பெண் வேண்டும். ஆய்வகப் பதிவேடு, கடைசி வருஷத்தில் ஒரு திட்டப்பணி, அதற்கு வாய்மொழித் தேர்வு. இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு தாள் பாக்கியில்லாமல் தேறியிருக்க வேண்டும். ஒன்று நின்றாலும் பட்டம் கிடையாது. சேர்ந்ததிலிருந்து ஏழு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் படித்ததெல்லாம் செல்லாது.

"ஏழு வருசமா? நாலு வருசம்னுதான சொன்னாக?" என்று சுருளியாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

"அது படிக்காத பிள்ளைகளுக்குங்க. உங்க பொண்ணு மார்க்குக்கு அதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க" என்று முதல்வர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரியும் சிரித்தாள்.

அன்றைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டி வந்தது தங்கப்பாண்டியனின் ஜீப். அவர் பாண்டீஸ்வரியின் அம்மா கருத்தம்மாளின் உடன்பிறந்த தம்பி, அவளுக்குத் தாய்மாமன். விடிவதற்கு முன்னால் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றி வருவது அவர் தொழில். பாண்டீஸ்வரி பெரியவளானபோது முறைப்படி ஓலையில் குச்சுக் குடிசை கட்டியவர் அவர்தான். குச்சு கட்டின மாமனுக்கே கழுத்தை நீட்டுவது அந்த வீட்டு வழக்கம். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பொழுது விடிந்ததா என்று யாராவது யாரையாவது கேட்கிறார்களா? அப்படித்தான்.

ஜீப் சின்னமனூர் தாண்டும்போது கருத்தம்மாள் பேச்சை எடுத்தாள். "நாலு வருசம் காத்துக்கிட்டு இருப்பியாடா தம்பி?"

"படிக்கட்டும்க்கா. பட்டம் கைக்கு வரட்டும். அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கிரலாம்" என்றார் தங்கப்பாண்டியன்.

"மாப்ள வாக்கு குடுத்தா குடுத்ததுதான்" என்றார் சுருளியாண்டி. கல்யாணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது; நாள் மட்டும்தான் தெரியாது.

பாண்டீஸ்வரிக்கு அந்த மாமனைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. வெறுக்கிற மாதிரி அவர் ஒன்றும் செய்ததில்லை. குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. வீரபாண்டித் திருவிழாவில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ராட்டினம் காட்டியவர். பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பாவுக்கு அடுத்தபடி ஓர் அப்பா மாதிரி அவர் இருந்தார், அதுதான் சிக்கல். தோளில் தூக்கியவரோடு எப்படிப் படுக்கை விரிப்பது? இதை அம்மாவிடம் சொன்னால் அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் அறுந்து போகும். அப்பாவிடம் சொன்னால் கல்லூரி நின்றுபோகும். அவளுக்கு வேண்டியதெல்லாம் சென்னையில் ஒரு வேலை, தனக்கென்று ஒரு மேசை, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து யாரிடம் வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு தைரியம். அதற்குப் பட்டம் வேண்டும். பட்டம் வந்தாலோ அடுத்த முகூர்த்தம். இந்த முடிச்சை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் தினமும் கல்லூரிப் பேருந்து ஏறினாள்.

மூன்றாம் பருவத் தேர்வில் கடைசித் தாள் கணிதம். மாணவர்கள் அதை எம்-த்ரீ என்பார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே பாதிப் பேர் அலறுவார்கள். பாண்டீஸ்வரிக்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. கோடையில் வரவேண்டிய அம்மை, மழைக்காலத்தில் வந்து இறங்கியது.

"ஆத்தா வந்துருக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள் கருத்தம்மாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தேர்வு போயிற்று; அந்தத் தாள் அரியராக நின்றது. அவள் வாழ்க்கையில் தவறவிட்ட முதல் தாள் அது. வாழை இலையில் படுத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க அழுதாள்.

தை பிறந்ததும் கருத்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தம்பிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் பிறகு நடக்கட்டும், இப்போதே பூ வைத்து உறுதி பண்ணிவிடுவோம் என்று கிளம்பினாள். பாண்டீஸ்வரி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பூ வைத்துவிட்டால் அப்புறம் வாயைத் திறக்கவே முடியாது.

தங்கப்பாண்டியன்தான் தடுத்தார். "அதுக்கு ஏதோ அரியர் இருக்காம்லக்கா. அது முடியட்டும். இப்பப் போயி பூ வைக்கிறேன், பொட்டு வைக்கிறேன்னு மனசைக் கலைக்க வேணாம்."

அவ்வளவுதான். பேச்சு நின்றது. அம்மா மல்லிகைப் பூவுக்குச் சொல்லியிருந்ததை வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். பாண்டீஸ்வரி அசந்துபோனாள். தான் ஊமை கண்ட கனவாக உள்ளேயே வைத்துப் புழுங்கிய விஷயத்தை அரியர் என்ற ஒரு சொல் அரை நிமிஷத்தில் தள்ளிவைத்துவிட்டது. யாருக்கும் கோபமில்லை, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இப்படி ஓர் ஆயுதம் கையில் இருக்கும்போது யார்தான் அதைக் கீழே போடுவார்கள்?

சித்திரையில் அந்த அரியர் தாளை எழுதப் போனாள். நன்றாகப் படித்துவிட்டுத்தான் போனாள். ஃபூரியர் தொடர், பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் எல்லாம் கை தானாக எழுதிக்கொண்டே போனது. எல்லாக் கேள்விக்கும் விடை எழுதி முடித்தாள். தேறிவிடுவோம் என்று தெரிந்தது. அப்புறம் அம்மாவின் மல்லிகைப் பூ ஞாபகம் வந்தது. அடிமட்டத்தை எடுத்து வைத்து, எழுதாத பக்கத்துக்குக் கோடு போடுவதுபோல, எழுதின பக்கங்களுக்குக் குறுக்கே ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். அடித்த விடையைத் திருத்துகிறவர் பார்க்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்திருக்கலாம். அது அவளால் முடியவில்லை. தெரிந்ததை எழுதாமல் வருவது கேவலமாக இருந்தது.

இந்தப் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. சொல்லக்கூடியவள் ஒருத்தி உண்டு. பழனிசெட்டிபட்டியிலிருந்து வரும் விஜி, அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். விஜியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? உங்க மாமாகிட்ட நேரா சொல்லிரு" என்றாள் விஜி.

"சொல்லலாம். சொன்னா எங்க வீட்டுல அம்மாவும் மாமாவும் செத்தாக்கூட மொகத்துல முழிக்க மாட்டாக. இது என்ன, ஒரு பேப்பர்தான. மாமாவுக்கு வயசு ஏறுது. அவுகளே சலிச்சுப்போயி வேற எடம் பாப்பாக. அன்னைக்கு ஒரே மூச்சுல எழுதிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிருவேன்."

"எம்-த்ரீ உனக்காக அங்கனயே உக்காந்துருக்குமாக்கும்?"

"எங்க போகப் போகுது" என்றாள் பாண்டீஸ்வரி. கணக்குக் கெட்டிக்காரி போட்ட தப்புக் கணக்கு அது. நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தானே நாம் எல்லாவற்றையும் இழக்கிறோம்.

மூன்றாம் வருஷம் சென்னைக் கம்பெனிக்காரர்கள் மதுரைக்கு வந்து ஆள் எடுத்தார்கள். ஒரு தாள் பாக்கியிருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விஜி உள்ளே போய் வேலையோடு வந்தாள். பாண்டீஸ்வரி வெளியே வேப்பமரத்தடியில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளுக்கு முதல் தடவையாக வயிறெரிந்தது. ஆனாலும் ஊருக்கு வந்ததும், மாமா ஜீப்பை வாசலில் நிறுத்தி ஏலக்காய் வாசனையோடு இறங்குவதைப் பார்த்ததும், இந்தத் தடவையும் கோடு போட்டுவிடுவது என்றுதான் தோன்றியது.

2006இல் படிப்புக் காலம் முடிந்தது. மற்ற எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு. வாய்க்கால் முறைத்தண்ணீரை யாருக்கு எந்த நேரம் திறப்பது என்று பிரித்துக் காட்டும் ஒரு மென்பொருளை விஜியோடு சேர்ந்து எழுதித் திட்டப்பணியாகக் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவு தெளிவாப் பேசுற பொண்ணு எம்-த்ரீயில எப்படிம்மா மாட்டுன?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். கூச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். மண்டிக் கணக்கு எழுதப் போகிற பையன்களுக்கு டேலியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தட்டச்சும் சொல்லிக் கொடுத்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு வரும். இரண்டு தடவையும் தங்கப்பாண்டியன் ஏலத்தோட்ட ட்ரிப்பை விட்டுவிட்டு அவளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போவார். பேருந்தில் போனால் கசங்கிப்போவாளாம், படித்தது மறந்துவிடுமாம். அவள் எழுதி முடித்து வரும்வரை கல்லூரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். வந்ததும் முதலில் கேட்பது, "எப்படித்தா எழுதுன?"

"பரவாயில்ல மாமா."

"பரவாயில்லன்னா பரவாயில்லையா, இல்ல கஷ்டமா?"

"கஷ்டம்தான் மாமா."

"எங்க தோட்டத்துல மலையாளத்து மேனோன் ஒருத்தரு மக எட்டுத்தரம் எழுதித்தான் பாஸாச்சாம். விடக் கூடாது" என்று ஜீப்பைக் கிளப்புவார். இந்த மனுஷன் ஒரு தடவையாவது எரிந்து விழுந்தால் நன்றாக இருக்குமே என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். அவரும் சலிக்கவில்லை, கம்பத்தில் ஒன்று, கூடலூரில் ஒன்று என்று வந்த சம்பந்தங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கருத்தம்மாள் வீரபாண்டி கௌமாரிக்கு நேர்ந்துகொண்டாள். மகள் தேறிய பிறகு எடுக்கிறேன் என்று அல்ல. தேற வேண்டும் என்பதற்காகவே முன்கூட்டித் தீச்சட்டி எடுத்தாள். சித்திரை வெயிலில் மஞ்சள் சேலையோடு, கையில் வேப்பிலைக்கு மேலே கனலும் சட்டியோடு அவள் ஆற்றங்கரையிலிருந்து நடந்துவர, பாண்டீஸ்வரி பக்கத்தில் அவள் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். "ஏந் தாயி, எம் மகளுக்கு அந்த ஒத்தப் பரிச்சையைக் குடு" என்று கருத்தம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மகள்தானே கொடுக்காமல் வைத்திருக்கிறாள். அன்றைக்குத் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. அடுத்த தேர்வில் தேறிவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டாள். வீட்டுக்கு வந்தால், தட்டு மாற்றுவதற்கு மாமன் முறைக்காரர்கள் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா பேசிக்கொண்டிருந்தார். முடிவு அங்கேயே செத்தது.

ஆரம்பத்தில் எழுதிவிட்டு அடித்தாள். அப்புறம் பாதி எழுதிவிட்டு அடித்தாள். அப்புறம் எழுதவே இல்லை. தெரிந்ததை எழுதாமல் வருகிற கேவலமும் பழகிப்போயிற்று. பழகிய பிறகு புத்தகத்தைத் திறப்பதற்கு என்ன வேலை? பரணில் ஏற்றி வைத்துவிட்டாள். நுழைவுச்சீட்டை வாங்குவது, உட்காருவது, நேரம் முடியக் காத்திருப்பது, வருவது. அவ்வளவுதான் தேர்வு.

2009 பிறந்தபோது விஜி சென்னையிலிருந்து போன் பண்ணினாள். "ஏழு வருசம் முடியுதுடி. இந்த ஏப்ரல்-மே விட்டா போச்சு. அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் டிகிரி கெடையாது. எங்க டீம்லயே டெஸ்டிங்குக்கு ஆள் கேக்குறாங்க. சர்டிபிகேட்டு மட்டும் கொண்டா, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

பாண்டீஸ்வரி நாள்கணக்காக யோசித்தாள். தேறினால் கல்யாணம். தேறாவிட்டால் படித்ததெல்லாம் குப்பை. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் ஆகிவிட்டாள். கடைசியில் பட்டம் போனால் போகட்டும் என்று முடிவெடுத்தாள். பட்டம் இல்லையென்றால் பட்டம் வந்த அடுத்த முகூர்த்தமும் இல்லை. மாமாவுக்கு முப்பத்தாறு வயது. இதற்கு மேலுமா காத்திருப்பார்? அதற்கப்புறம் தான் என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தகம் பரணில்தான் இருந்தது.

கடைசித் தேர்வன்று வழக்கம்போல ஜீப் வந்தது. பழனிசெட்டிபட்டி வந்ததும் தங்கப்பாண்டியன் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"பாண்டீசு, நான் தேவதானப்பட்டியில பொண்ணு பாத்து முடிவு பண்ணிட்டேன். நேத்து நீ சென்டர்ல இருக்கையிலதான் அக்காகிட்டயும் மச்சாங்கிட்டயும் சொன்னேன். எனக்கு வயசாகிப்போச்சு, படிச்ச பிள்ளைக்கு நான் பொருத்தமில்லன்னு சொல்லிட்டேன். அக்கா அழுதுச்சு. நீ இனிமே பயப்படாம எழுது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு மாமா பயப்படாம?"

"எனக்குத் தெரியும்த்தா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே தெரியும். பரிச்சை ஹாலுக்கு வர்ற கர்ணன் சார் ஒருநா டீ குடிக்கையில சொன்னாரு. உங்க அக்கா மக எல்லாத்தையும் சரியா எழுதிட்டுக் கோடு போட்டு அடிச்சுட்டுப் போகுது, ஏன்னு கேளுங்கன்னாரு. எதுக்குன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு."

பாண்டீஸ்வரிக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கமா, கோபமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாமா. ரெண்டு வருசம்."

"தாய்மாமனே வேணாம்னுட்டானாம், என்ன கொறையோன்னு ஊரு உன்னையப் பேசும். நான் எப்படி மொத வாய் தொறக்குறது? நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லியிருந்தா அன்னைக்கே வெலகியிருப்பேன்." உடனே தலையை ஆட்டிக்கொண்டு, "அதுவும் பொய்தான். ஆசை விடல, அதான் நெசம். மனசு மாறும்னு பாத்தேன்" என்றார்.

அவள் அழுதாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, உள்ள போகணும்ல" என்று வண்டியை எடுத்தார்.

அன்றைக்குத் தேர்வறைக்குள் நுழைந்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமும் இல்லை, பயமும் இல்லை. இந்த ஒரு தாளை எழுதினால் போதும், விஜி இருக்கிறாள், சென்னை இருக்கிறது. சுற்றிலும் மீசை முளைக்காத பையன்களும் ரெட்டை ஜடைப் பிள்ளைகளும் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வித்தாள் வந்தது. ஒரு தடவை வாசித்தாள். எல்லாம் தெரிந்த கேள்விகள். எல்லாம் ஒரு காலத்தில் அவள் எழுதி அடித்த கேள்விகள்.

பேனாவை எடுத்தாள். ஃபூரியர் தொடரின் முதல் வரியை எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. தொகையிட வேண்டும் என்று தெரிகிறது. எதிலிருந்து எதுவரை என்று தெரியவில்லை. சரி, அடுத்த கேள்வி என்று போனாள். அங்கேயும் தலைப்புதான் வந்தது. தெரிந்தவர் முகம் ஞாபகம் இருக்கிறது, பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது, அந்த மாதிரி. கண்ணை மூடிப் பார்த்தாள். தான் எழுதின பழைய விடைத்தாள்களை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். கோடுதான் ஞாபகம் வந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றாள். பாண்டீஸ்வரி ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு கணக்கையாவது முழுசாக முடித்துவிடலாம் என்று முட்டி மோதினாள். மணி அடிக்கும்வரை மோதினாள். அன்றைக்கு அவள் எதையும் அடிக்கவில்லை. அடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெளியே தங்கப்பாண்டியன் டீக்கடையில் உட்காராமல் கேட்டுக்கே வந்து நின்றிருந்தார். "எப்படித்தா எழுதுன?"

"நல்லா எழுதியிருக்கேன் மாமா."

அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தனக்கு இல்லை என்று ஆகிப்போன ஒன்றுக்காக இப்படிச் சிரிக்க ஒருத்தரால் முடியுமா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊர் வந்து சேர்வதற்குள் வழியில் தெரிந்த டிரைவர்களிடமெல்லாம், "அக்கா மக எழுதிருச்சு, இந்தத் தடவை பாஸு" என்று சொல்லிவிட்டார்.

ரிசல்ட் வந்தது. அவள் வேலை செய்த சென்டரிலேயே, அவள் பாடம் சொல்லிக் கொடுக்கும் கம்ப்யூட்டரிலேயே பார்த்தாள். தேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்தபோது அதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் சொன்னதும் கருத்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சுருளியாண்டி பந்தலுக்கு மருந்தடிக்கப் போனார். அவர் கேட்டது ஒன்றுதான். "அப்ப இம்புட்டுக் காலமும் படிச்சது எதுக்குமே ஆகாதா?"

"ஆகாதுப்பா" என்றாள்.

மறுநாள் தங்கப்பாண்டியன் வந்தார். வீட்டில் யாரும் இல்லை. வாசலிலேயே நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்பவும் ஏன்த்தா அடிச்ச? நான்தான் வெலகிட்டேனே." கொஞ்சம் தயங்கி, "வெலகுனது உனக்குப் பிடிக்கலையா? தேவதானப்பட்டியில இன்னும் பூ வைக்கல. ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

அடக் கடவுளே என்றிருந்தது அவளுக்கு. தேறாததை இந்த மனுஷன் இப்படியா எடுத்துக்கொள்வார்? எடுத்துக்கொள்ளத்தானே செய்வார். தேறாமல் இருப்பதில்தான் இவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் அடிக்கல மாமா. எனக்கு நெசமாவே தெரியல. எல்லாம் மறந்துபோச்சு."

"நீயா? உனக்கா கணக்கு மறக்கும்?"

"மறந்துபோச்சு மாமா." அவர் இன்னும் நம்பிக்கையோடு நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. "எனக்கு உங்களைக் கட்டிக்கிற இஷ்டமில்ல மாமா. என்னைக்குமே இருந்ததில்ல. கோவிச்சுக்கிறாதீக."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "சரித்தா" என்றார். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை, அம்மாவும் மாமாவும் அறுந்து போகவில்லை. சுடுசொல் ஒன்று இல்லாமல் முடிந்துபோயிற்று. இதைச் சொல்லத்தான் அவளுக்கு ஏழு வருஷம் தேவைப்பட்டது. இதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஒரு பட்டத்தையே கொடுத்திருந்தாள். அன்றைக்கு அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுததை யாரும் பார்க்கவில்லை.

ஆவணியில் தங்கப்பாண்டியன் கல்யாணம் நடந்தது. பெண் பேர் ராமுத்தாய். முப்பதை நெருங்கியவள், அப்பா இல்லாத வீட்டில் தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்குத் தாமதமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறவள். கருத்தம்மாள் நாத்தனார் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பந்தியில் சொந்தக்காரர்கள் இலைக்கு இலை பேசினார்கள். பாவம் தங்கப்பாண்டி, எத்தனை வருஷம் காத்திருந்தான். அந்தப் பிள்ளைக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. மாமா காதில் விழுந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குத்தான் தலைகுனிவு. பாண்டீஸ்வரியும் சொல்லவில்லை. கையில் சாம்பார் வாளியோடு இலை இலையாக ஊற்றிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் பெண்ணை அலங்காரம் மாற்ற அறைக்குள் அழைத்துப்போனார்கள். பாண்டீஸ்வரிதான் அவள் தலையிலிருந்து பூவையும் ஊசிகளையும் எடுத்துவிட்டாள். ராமுத்தாய்க்கு யார் யாரென்று தெரியாது. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. புதுச் சொந்தத்தோடு நாலு வார்த்தை நல்லபடியாகப் பேச வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ என்னம்மா படிச்சிருக்க?"



"பன்னெண்டாவது" என்றாள் பாண்டீஸ்வரி.

"அதனால என்ன? நானும் பன்னெண்டாவதோட நின்னவதான். மில்லுக்குப் போய்க்கிட்டே அஞ்சல் வழியில பி.ஏ. முடிச்சேன். மனசு வச்சா எல்லாம் ஒரே தரத்துல பாஸாகிரலாம்."

பாண்டீஸ்வரி சரி என்று தலையாட்டிவிட்டு, கடைசி ஊசியையும் உருவி எடுத்தாள்.